மூளை நலத்தில் சமநீதி: தலைமை ஏற்பவர் யார்?



இப்பெங்களூர் மாநகரில் மூளையைப் பற்றிப் பேசத் தொடங்கும் எவரும் ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனத்துக்கு முதல் வணக்கம் செலுத்திவிட்டே மேலே செல்ல வேண்டும். ஸர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த சுகாதாரக் குழு 1946இல் அளித்த அறிக்கையின் பயனாக, 1954இல் இவ்வூரில் அகில இந்திய மனநலக் கழகம் தோன்றிற்று, டாக்டர் எம். வி. கோவிந்தசாமி அதன் முதல் இயக்குநராக அமர்ந்தார். மனநோய் வைத்தியராக விரும்பியவரும் மருத்துவ உளவியல் கற்க வந்தவரும் அங்கே ஒரே கூரையின் கீழ்ப் பயின்றனர். செவிலியர்க்கும் விரைவிலேயே தனிப் பயிற்சி ஏற்பட்டது. அக்கழகமும் அரசாங்க மனநோய் மருத்துவமனையும் 1974இல் ஒன்றாகி நிம்ஹான்ஸ் ஆயின. பல துறையினரை ஓரிடத்தில் வைத்துப் பயிற்றுவது நேற்று மேல்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த புதுமை என்று கருதுவோர் இச்சரித்திரத்தை அறிந்துகொள்வது நலம்.

மூளை நலத்தைப் பேசுமிடத்தில் நீதியைப் பற்றிய பேச்சு ஏன் எழுகிறது? நரம்பியல் நிபுணர் டாக்டர் எம். கௌரி தேவியும் அவர்தம் சகாக்களும் பெங்களூர் நகரத்திலும் சுற்றுப்புறக் கிராமங்களிலுமாக 1,02,557 பேரை ஆராய்ந்தபோது, வலிப்பு நோய் நகரத்தில் ஆயிரத்துக்கு 5.7 பேருக்கும், கிராமத்தில் 11.9 பேருக்கும் இருக்கக் கண்டார்கள். ஒரே சீதோஷ்ணம், ஒரே ராகிக் களி, இடையே சில மைல் தூரம். ஆயினும் நோய் இரட்டிப்பு. வலிப்புக்குரிய காரணங்களோ, பிரசவ காலத்தில் சிசுவின் மூளைக்கு நேரும் சேதம், தலைக்காயம், மூளைக்காய்ச்சல், அசுத்தமான நீரோடும் உணவோடும் உட்புகும் நாடாப்புழு முட்டையால் மூளையில் தோன்றும் கட்டிகள் என்று விரிகின்றன. இவற்றுள் எதனை நரம்பியல் நிபுணர் தம் அறையில் அமர்ந்தவாறே தடுத்துவிட முடியும்? பிரசவம் பார்க்கும் செவிலியும், கழிவுநீர் வாய்க்கால் அமைக்கும் பொறியாளரும், சாலை வளைவைத் திருத்துபவரும் அல்லவா தடுக்க வல்லவர்கள்?

வந்த நோயைத் தணிப்பதிலும் இதே நிலைமைதான். பெங்களூரில் வாழ்ந்த நரம்பியல் வைத்தியர் டாக்டர் கே. எஸ். மணி, எளந்தூர் கிராமப் பகுதியில் தம் குழுவினருடன் பணியாற்றி, பீனோபார்பிட்டோன், பெனிட்டாயின் என்னும் பழைய, விலை மலிந்த மருந்துகளைக் கொண்டே கிராமத்தாரின் வலிப்பைப் பெருமளவு அடக்கலாம் என்று காட்டினார். அந்த ஆய்வு 2001இல் லான்செட் இதழில் வெளிவந்தது. மருந்து உண்டு, விலையும் எட்டும். எனினும் கன்னிப் பெண்ணுக்கு வலிப்பு என்று வெளியே சொல்லத் துணியாத தாய் அம்மருந்தை வாங்க வரமாட்டாள். அவள் அஞ்சியதற்குச் சட்டமே துணை நின்றது. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில், திருமணத்துக்குத் தடையாகும் நிலைகளுள் ஒன்றாக 1976இல் வலிப்பும் சேர்க்கப்பட்டு, 1999ஆம் ஆண்டில்தான் அச்சொல் நீக்கப்பட்டது. ஒரு சொல்லை அழித்த அத்திருத்தம் எத்தனையோ மருந்துச் சீட்டுகளுக்கு ஈடாகும் என்பது என் அபிப்பிராயம். அதைச் செய்வது வழக்கறிஞர்க்கும் சட்டமன்றத்தார்க்கும் உரிய வேலை. வைத்தியர் துணை நிற்கலாம், அவ்வளவே.

வைத்தியரால் மட்டும் ஆகாது என்னும் இவ்வுண்மையை நம்மவர் உணராமலில்லை. எழுபதுகளின் நடுவில் நிம்ஹான்ஸ் சகலவாரா கிராமத்தில் சமுதாய மனநலப் பணியைத் தொடங்கி, பின்னர் எண்பதுகளில் பெல்லாரி மாவட்டம் முழுவதற்கும் அதை விரித்து, ஆரம்ப சுகாதார நிலைய வைத்தியருக்கும் கிராம ஊழியருக்கும் மனநோயையும் வலிப்பையும் இனங்காணப் பயிற்சி தந்தது. 1996இல் தோன்றிய மாவட்ட மனநலத் திட்டத்துக்கு பெல்லாரியே முன்மாதிரி. இதனினும் பெரிய காரியம் நம் நாட்டில் இத்துறையில் நடக்கவில்லை. ஆனாலும் ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். ஊழியருக்கு நாம் கற்பித்தது கைவேலை. இனங்காண், அனுப்பு, பதிவேட்டில் எழுது என்பதே. எங்கே நிதி செல்ல வேண்டும், எந்த விதி மாற வேண்டும் என்று தீர்மானிக்கும் மேசையில் அவருக்கு நாற்காலி போடவில்லை. நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 2016இல், மனநோயாளருள் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் சிகிச்சை எட்டவில்லை என்று அறிவித்ததற்குக் காரணங்கள் பல. இதுவும் அவற்றுள் ஒன்று என்பேன்.

அத்தகைய நாற்காலியைப் போட்டுக் காட்டியவர்களும் உண்டு. சக் ஃபீனி என்னும் அமெரிக்கச் செல்வந்தர், விமான நிலையக் கடைகளில் ஈட்டிய பெரும் பொருளைத் தம் ஆயுட்காலத்திலேயே கொடுத்துத் தீர்த்தவர். அவருடைய அறநிதியால் 2015இல் சான்பிரான்சிஸ்கோவிலும் டப்ளினிலும் உலக மூளை நலக் கழகம் ஏற்பட்டது. நரம்பியல் வைத்தியரோடு செவிலியர், வழக்கறிஞர், பொருளாதார வல்லுநர், பத்திரிகையாளர், இசைவாணர் முதலியோரையும் அங்கே உதவித்தொகை தந்து பயிற்றித் தலைமைக்கு ஆயத்தம் செய்கிறார்கள். மருத்துவரல்லாதாரையும் தலைமைக்கு அழைக்கும் அந்தத் துணிவையே நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அத்துணிவு ஏன் வேண்டும் என்பதற்கு மறதிநோயை எண்ணிப் பாருங்கள். இந்தியாவில் அறுபது வயது கடந்தோருள் 88 லட்சம் பேருக்கு அது இருப்பதாகவும், ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் மிகுதி என்றும் 2023இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. பள்ளிக்கூடம் செல்லாமை இந்நோய்க்கு ஓர் ஏது என்று உலக ஆய்வுகள் ஒப்புக்கொண்டுள்ளன. ஆகையால் அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுமியைப் பள்ளியை விட்டு நிற்காமல் படிக்கச் செய்த ஆசிரியை, தாம் அறியாமலே மூளை வைத்தியம் செய்திருக்கிறார். இப்பொழுது நிம்ஹான்ஸில் பணிபுரியும் டாக்டர் சுவர்ணா அல்லாடி முன்னர் ஹைதராபாத்தில் 648 நோயாளரை ஆராய்ந்து, இருமொழி பேசுவோருக்கு இந்நோய் சுமார் நாலரை ஆண்டு பிந்தித் தோன்றுகிறது என்றும், எழுத்தறியாதவரிடத்தும் இவ்வேறுபாடு உண்டு என்றும் 2013இல் வெளியிட்டார். பெங்களூரின் அல்சூரிலும் சிவாஜிநகரிலும் தமிழும் கன்னடமும் உருதும் கலந்து பேசும் நம் பாட்டிமார்க்கு இது மகிழ்ச்சி தரும் செய்தி. ஆனால் அதே பாட்டியைச் சோதிக்க வாக்கியம் எழுது, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி என்று கேட்டால், கையெழுத்தே போடாதவள் எவ்வாறு தேறுவாள்? மொழியறிஞரும் ஆரம்பப் பள்ளி ஆசிரியரும் உடனிருந்து வகுக்காத சோதனை, கல்வியின்மையை நோயென்று எழுதிவிடும்.

2022இல் கர்நாடக அரசும் நிம்ஹான்ஸும் சேர்ந்து கோலார், சிக்கபள்ளாபுரம், ஜயநகர்ப் பொது மருத்துவமனை ஆகிய இடங்களில் மூளை நலச் சிகிச்சையகங்களைத் தொடங்கின. நல்ல தொடக்கம். அவற்றின் ஆலோசனைக் குழு ஒவ்வொன்றிலும் ஒரு செவிலியருக்கும், ஓர் ஆஷா ஊழியருக்கும், ஒரு வழக்கறிஞருக்கும், நோயாளியைப் பேணும் குடும்பத்தவர் ஒருவருக்கும் வாக்குரிமையுடன் இடம் தருமாறு அரசாங்கத்தாரை வேண்டுகிறேன். இச்சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையின் பொறுப்பாளர்களிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு: ஆண்டுதோறும் வட்டியாக வரும் தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு, மருத்துவரல்லாத ஒருவர் சம்பள இழப்பின்றி ஓராண்டு இத்துறையைக் கற்க வழி செய்யுங்கள், அடுத்த ஆண்டுச் சொற்பொழிவை அவரே நிகழ்த்தட்டும்.