கொள்ளுத் தாத்தா ஏன் சிறைக்குப் போனார்?

எல்லாக் குடும்பத்திலும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை எடுத்தாலே பாட்டி பேச்சை மாற்றிவிடுவார். "அந்தக் கதை இப்ப எதுக்கு?" என்று பெரியப்பா எழுந்து போவார். அந்தப் பெயருக்கு உரியவர் சிறைக்குப் போனவராக இருக்கலாம். குடியில் கெட்டவராகவோ, புத்தி பேதலித்தவராகவோ, கட்டினவளை விட்டு ஓடினவராகவோ, தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவராகவோ இருக்கலாம். இரண்டு தலைமுறை மூடி வைத்த பிறகு, மூன்றாம் தலைமுறையில் ஒரு பேத்தியோ பேரனோ ஆவணங்களைத் தேடப் புறப்படுகிறார். அப்படிப் புறப்படுகிறவருக்கு என்ன காகிதம் கிடைக்கும், கிடைத்த காகிதத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

இதற்கு எடுத்துக்காட்டாக நான் தேர்ந்துகொண்ட இடம், தென்னாப்பிரிக்காவின் நட்டால். காரணம் இருக்கிறது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் நம் ஊரில் வாழ்ந்து மறைந்த ஒரு நிலமற்ற ஏழையைப் பற்றி ஒரு துண்டுக் காகிதம் கிடைப்பதும் கடினம். அதே ஏழை கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்குப் போயிருந்தால், அவருக்கு ஒரு கோப்பே இருக்கும். வெள்ளைக்கார அரசு கூலிகளை எண்ணி, அளந்து, எழுதி வைத்துக்கொண்டது.

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல், நவம்பர் 16-ஆம் தேதி டர்பனை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை நட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகப் போனவர்கள், தமிழர்களும் தெலுங்கர்களும். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேராகப் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள அடையாளம் எல்லாம் இருக்கும். யாருடைய தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார் என்பதும் இருக்கும். பின்னாளில் இறந்தாரா, எந்தக் கப்பலில் ஊர் திரும்பினார் என்ற குறிப்பும் சில பதிவுகளில் சேர்ந்திருக்கும்.

தேடுகிறவர் முதலில் பிடிக்க வேண்டியது இந்த எண்ணை. பெயரை நம்பினால் வழி தவறும். எழுதியவர் ஓர் எழுத்தர். காதில் விழுந்ததை எழுதினார். முனுசாமி ஓரிடத்தில் மூன்சாமி ஆவார், இன்னோரிடத்தில் முனியசாமி ஆவார். கிராமத்தின் பெயர் நாலு விதமாக இருக்கும். தகப்பன் பெயர் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராக நின்றுவிடும். எண் மட்டும் மாறாது. கல்யாணம், மருத்துவமனை, நீதிமன்றம், மரணம் என்று எல்லாக் காகிதத்திலும் கூடவே வரும்.

நட்டால் கப்பல் பட்டியல்கள் டர்பனில் உள்ள காந்தி - லுதுலி ஆவண மையத்தில் இருக்கின்றன. கூலிகளின் விவகாரங்களைக் கவனிக்க 'பாதுகாவலர்' என்று ஓர் அதிகாரி இருந்தார்; அவர் அலுவலகக் கோப்புகளைப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம். முன்னோர் மொரீஷியஸ் போனவர் என்றால், மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தை நாட வேண்டும். அங்கே 1860-களின் நடுவிலிருந்து எடுத்த கூலிகளின் புகைப்படங்களும் உண்டு. கொள்ளுப்பாட்டியின் முகத்தையே பார்த்துவிடலாம். ஃபிஜி என்றால் சுவாவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம்.

சரி, எண் கிடைத்தது, கோப்பும் கிடைத்தது. திறந்து பார்த்தால், கொள்ளுத் தாத்தா மூன்று முறை சிறைக்குப் போயிருக்கிறார். குடும்பம் வாய்மூடிக் கிடந்ததற்குக் காரணம் இதுதான் என்று அங்கேயே கோப்பை மூடிவிடக் கூடாது. குற்றம் என்ன என்று எழுதியிருக்கிறதோ அதைப் பாருங்கள். அதற்குப் பிறகு, அந்தக் குற்றத்தைக் குற்றமாக்கிய சட்டத்தைப் பாருங்கள். இன்று நான் சொல்ல வந்த ஒரே செய்தி இதுதான்.

ஒப்பந்தம் ஐந்து ஆண்டு. முதல் ஆண்டு மாதம் 10 ஷில்லிங் கூலி. ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் கூடி, ஐந்தாம் ஆண்டில் 14. அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்திலிருந்து ஒரு மைலுக்கு அப்பால் காணப்பட்டால் போலீஸ் பிடிக்கும். வேலைக்கு வராவிட்டால் வழக்கு. 1891-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, பலர் கூடி முறையிடுவதற்காக அனுமதியின்றி வேலையை விட்டுப் போனால், அவர்கள் முறையீடு நியாயமானதாகவே இருந்தாலும் தண்டிக்கலாம் என்றது. சாதாரண வேலைக்காரர் வேலையை விட்டுப் போனால் முதலாளி சிவில் வழக்குத்தான் போட முடியும்; ஒப்பந்தக் கூலி போனால் அது கிரிமினல் குற்றம், சிறை. இந்த வேறுபாட்டைக் காந்தியடிகள் தம் சுயசரிதையில் குறிப்பிட்டிருக்கிறார். ஆகவே உங்கள் முன்னோரின் கோப்பில் 'வேலைக்கு வரவில்லை', 'தப்பி ஓடினார்' என்று மூன்று தண்டனை இருந்தால், இன்றைய கணக்கில் அவர் மூன்று நாள் லீவு எடுத்தவராக இருக்கலாம்.

மொரீஷியஸிலும் இதே கதை. ஒருநாள் வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்தார்கள். 1867-இல் வந்த சட்டத்தின்படி, ஒப்பந்தம் முடிந்தவர்களும் புகைப்படம் ஒட்டிய சீட்டைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். சீட்டில்லாதவர்களை நாடோடிகள் என்று சொல்லிப் பிடித்து அடைத்தார்கள். இந்தக் கொடுமை பற்றி 1871-இல் மனு எழுந்து, பிறகு அரசு விசாரணைக் குழுவே வந்தது. 'நாடோடி' என்ற குறிப்பைப் பார்த்து, வீடுவாசல் இல்லாத ஊதாரி என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. சீட்டைக் குடிசையில் மறந்துவிட்டு வந்தவரும் நாடோடிதான்.

கஞ்சா வழக்கு இன்னொன்று. நட்டாலில் 1870-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியக் கூலிகள் கஞ்சா வைத்திருப்பதையும் புகைப்பதையும் தடை செய்தது. அந்தக் காலத்தில் சென்னை மாகாணத்திலோ கடைகளில் கஞ்சா விற்றது. ஊரில் காசு கொடுத்து வாங்கிய பொருள், கடல் கடந்ததும் குற்றமாகிவிட்டது. அதனால் உடம்பு கெட்டதா, குடும்பம் நொந்ததா என்பது வேறு கேள்வி. தண்டனைப் பட்டியலை வைத்து மட்டும் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

சிலர் ஐந்தாண்டு முடிந்த பிறகும் மறுபடி மறுபடி ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்திருப்பார்கள். சம்பாதித்ததைக் குடித்தே அழித்தவர் என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். 1895-ஆம் ஆண்டின் மூன்று பவுன் வரிச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒப்பந்தம் முடிந்தவர் ஊர் திரும்ப வேண்டும், அல்லது மறுபடி ஒப்பந்தம் செய்ய வேண்டும், இரண்டும் இல்லையென்றால் ஆண்டுக்கு மூன்று பவுன் கட்ட வேண்டும். மூன்று பவுன் என்பது 60 ஷில்லிங். ஐந்தாம் ஆண்டுக் கூலியில் நான்கு மாதச் சம்பளத்துக்கும் மேல். மனைவிக்கும் தனியாக மூன்று பவுன். 16 வயது தாண்டிய மகனுக்கும், 13 வயது தாண்டிய மகளுக்கும் பின்னால் இந்த வரி வந்தது. அந்த மனிதர் மறுபடியும் கைநாட்டு வைத்ததற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

பாட்டிமார் பற்றிய குறிப்புகள் இன்னும் மனத்தை வருத்தும். 'மணமாகாதவள்', 'முறையற்ற பிள்ளை' என்று எழுதியிருப்பார்கள். தாலி கட்டி, ஊர் கூடிச் சாப்பிட்ட கல்யாணம் அரசுப் பதிவேட்டில் ஏறாவிட்டால் எழுத்தருக்கு அது கல்யாணமே இல்லை. 1913 மார்ச்சில் கேப் உச்ச நீதிமன்ற நீதிபதி சர்ல் கொடுத்த தீர்ப்பு, இந்து முஸ்லிம் முறைப்படி நடந்த திருமணங்களையே கேள்விக்குறியாக்கியது. பெண்கள் சத்தியாகிரகத்தில் இறங்கியதற்கு அந்தத் தீர்ப்பும் ஒரு காரணம்.

அதே 1913-ஐ இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் வையுங்கள். சிறைக் குறிப்பில் தேதி முக்கியம். அக்டோபரில் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் தொடங்கிய வேலைநிறுத்தம் கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது. பிடிபட்டவர்களை அடைக்க இடம் போதாமல், சுரங்க வளாகங்களையே சிறையின் கிளைகளாக அறிவித்தார்கள். சுரங்கத்து வெள்ளைக்கார ஊழியர்களே சிறைக் காவலர்கள் ஆனார்கள். உங்கள் முன்னோரின் தண்டனை அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் விழுந்திருந்தால், அவர் மூன்று பவுன் வரியை எதிர்த்து நின்றவராக இருக்க வாய்ப்பு உண்டு. பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரியில் இறந்த தில்லையாடி வள்ளியம்மைக்கு நாம் மணிமண்டபம் கட்டியிருக்கிறோம். அந்தப் போராட்டத்தில் சிறை சென்ற பெயர் தெரியாத கூலியின் வீட்டில், அந்தச் சிறைவாசம் மறைக்க வேண்டிய செய்தியாகிவிட்டது. இரண்டு பேரையும் அடைத்த அரசு ஒன்றுதான்.

பாதுகாவலர் கோப்புகளில் அடிபட்ட காயங்களும் பதிவாகியிருக்கும். 1894-இல் பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளி, முன்பல் இரண்டு உடைந்து, வாயில் இரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு காந்தியின் டர்பன் அலுவலகத்துக்கு வந்தார். அடித்தவர் அவருடைய எஜமானர். காந்தி மருத்துவரிடம் சான்று வாங்கி, மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோய், கடைசியில் வேறு ஒரு முதலாளியிடம் ஒப்பந்தத்தை மாற்றிக் கொடுத்தார். காந்தி இதை எழுதாமல் விட்டிருந்தால், பாலசுந்தரத்தின் பேரப்பிள்ளைகளுக்கு எஞ்சியிருக்கக்கூடியது 'முதலாளி மாறினார்' என்ற ஒரு வரிதான். முதலாளி அடிக்கடி மாறியவரை வேலையில் நிலைக்காதவர் என்று சொல்லுமுன் இதை எண்ணிப் பாருங்கள்.

தற்கொலையும் மனநோயும் வந்தால் நிதானம் வேண்டும். நட்டாலில் 1880 முதல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் அரசு மனநோய் மருத்துவமனை இருந்தது. ஃபிஜித் தோட்டங்களில் தற்கொலைகள் மிகுந்திருப்பதை, அங்கே நேரில் சென்று விசாரித்த ஆண்ட்ரூஸும் பியர்சனும் தங்கள் 1916 அறிக்கையில் நாட்டுக்குச் சொன்னார்கள். ஒருவர் இறந்தால் விசாரணை நடக்கும். பக்கத்துக் குடிசைக்காரர், கூட வேலை செய்தவர், மனைவி ஆகியோர் சாட்சி சொல்வார்கள். மொழிபெயர்ப்பாளர் மூலம் அது எழுதப்படும். எழுதப் படிக்கத் தெரியாத நம் மக்கள் பேசியது காகிதத்தில் நிற்கும் அபூர்வமான இடம் அது. மரணக் காரணம் என்ற கட்டத்தோடு நிறுத்திவிடாமல் சாட்சியங்களையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். கடைசி வாரத்தில் அவர் யாரிடம் என்ன சொன்னார் என்பது அங்கே இருக்கக்கூடும்.

இத்தனையும் சொன்னதால், எல்லா முன்னோரும் நல்லவர்கள், கெட்டது சட்டம் மட்டுமே என்று நான் வாதிடவில்லை. மனைவியை வெட்டியவர்கள் உண்டு. சக கூலியை வதைத்த சர்தார்கள், அதாவது கூலிகளை மேய்த்த மேஸ்திரிகள், உண்டு. அப்படி ஒருவரின் வழியில் நீங்கள் வந்திருந்தால், அவரை வெள்ளையடிக்க வேண்டாம். அடிபட்டவர் யார், கொலையுண்டவள் யார் என்று அதே கோப்பில் தேடி, அந்தப் பெயரையும் குடும்ப வரலாற்றில் எழுதுங்கள். பல வீடுகளில் மறைக்கப்பட்டது அந்தப் பெண்ணின் பெயர்தான்.

இந்த நாடுகளுக்குப் போகாத குடும்பங்களுக்கும் வழி இருக்கிறது. இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணி மூலம் போனவர்களுக்கு நட்டால் போல விரிவான பட்டியல் கிடைக்காது. ஆனால் 1949-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர்கள், ஏழு அல்லது பத்து ஆண்டு அங்கே தொடர்ந்து வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. அந்த விண்ணப்பத்தின் நகல் வீட்டில் இருந்தால் அது குடும்ப வரலாறேதான். 1964-இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி தாயகம் திரும்பியவர்களிடம் குடும்ப அட்டை இருக்கும். தமிழ்நாட்டிலேயே இருந்தவர்களுக்குச் சார் பதிவாளர் அலுவலகத்து அடமானப் பத்திரங்களும் கிரயப் பத்திரங்களும் பேசும். 'சூதாடிச் சொத்தை அழித்தார்' என்ற தாத்தா எந்த ஆண்டில் யாரிடம் நிலத்தை ஈடு வைத்தார் என்று பாருங்கள். அது பஞ்ச காலமா, மகள் கல்யாண ஆண்டா என்பதைச் சேர்த்துப் பாருங்கள். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அந்தக் காலத்து அரசாணைகளும் கிடைக்கும்.

நேயர்களே, ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஆவணக் காப்பகம் நாளைக்கும் இருக்கும். வீட்டுப் பெரியவர்கள் இருக்கமாட்டார்கள். இந்த வாரமே அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, யாரைப் பற்றிப் பேச மறுக்கிறார்களோ அவரைப் பற்றி மெல்லக் கேளுங்கள். வற்புறுத்த வேண்டாம். ஊர், தகப்பன் பெயர், ஏறிய கப்பல், வேலை செய்த தோட்டம், சீட்டு எண் ஆகியவற்றில் எது நினைவில் இருந்தாலும் தேதியிட்டு எழுதி வையுங்கள். பிறகு காகிதத்தைத் தேடுங்கள். கிடைத்ததைக் குடும்பத்தில் சொல்லும்போது, தண்டனையையும் அந்தத் தண்டனை கொடுத்த சட்டத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்.