மின்வண்டிக்குத் தீனிச் செலவு

வண்டிமாடு வைத்திருந்த கமக்காரன் இரண்டு கணக்குகளை மனத்திற் கொண்டிருந்தான். ஒன்று, அன்றாடம் இடும் வைக்கோலுக்கும் பிண்ணாக்குக்கும் ஆகுஞ் செலவு. மற்றொன்று, மாடு மூப்படைந்த பின் வேறு மாடு வாங்குவதற்குச் சேர்த்து வைக்கவேண்டிய பணம். முதற் கணக்கை மாத்திரம் பார்த்தவன் ஒருநாள் மாடில்லாத வண்டியை முற்றத்தில் நிறுத்த நேர்ந்தது. மின்சாரத்தால் ஓடும் இருசக்கர வண்டியை வாங்குவோருக்கும் இவ்விரு கணக்குகளும் வேண்டும்.

2022 ஆம் ஆண்டில் இலங்கையில் எரிபொருள் அருகியபோது, பெற்றோல் நிலையங்களின் முன்னே இரவு பகலாக வரிசைகள் நீண்டன. பின்னர் வாராந்தப் பங்கீடும் வந்தது. அக்காலத்தில் மின்வண்டியின் மேல் பலருடைய நாட்டஞ் சென்றது. “பெற்றோல் வேண்டியதில்லை, மின்சாரத்துக்கு அப்படி என்ன செலவாகும்?” என்று கேட்டனர். கேள்வி நியாயமானதே. ஆனால், அதற்குரிய விடை எல்லா வீட்டுக்கும் ஒன்றன்று.

முதலில் அளவை அறிதல் வேண்டும். மின்கலவடுக்கின் மேல் உவோற்று, அம்பியர்-மணி என இரண்டு எண்கள் எழுதப்பட்டிருக்கும். அவற்றைப் பெருக்கி 1000 ஆல் வகுத்தால், அது கொள்ளும் மின்சாரம் எத்தனை அலகு என்பது தெரியவரும். 60 உவோற்றும் 20 அம்பியர்-மணியுங் கொண்ட மின்கலவடுக்கு 1.2 அலகைக் கொள்ளும். மின்னேற்றும்போது ஒரு பகுதி வெப்பமாகக் கழிவதால், ஈய மின்கலமாயின் வீட்டு மின்மானியில் ஏறத்தாழ 1.5 அலகு ஏறும்.

நாளொன்றுக்கு 20 கிலோமீற்றராக மாதத்தில் 25 நாள் வேலைக்குச் செல்லும் ஒருவரை எடுத்துக் கொள்க. அவர் ஓடுந் தூரம் 500 கிலோமீற்றர். ஒருமுறை நிரப்பினால் வண்டி 40 கிலோமீற்றர் ஓடுமாயின், மாதத்துக்குப் பதின்மூன்று தடவை நிரப்ப வேண்டும்; செலவாவது 20 அலகு அளவில் நிற்கும். லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு அதே தூரத்துக்குப் பதினொரு லீற்றர் பெற்றோல் வேண்டும்.

இந்த 20 அலகின் விலை என்ன? இங்கேதான் பலர் தவறுகின்றனர். மொத்தக் கட்டணத்தை மொத்த அலகால் வகுத்து அதனையே விலையாகக் கொள்கின்றனர். 2025 ஆம் ஆண்டில் நடைமுறையிலிருந்த வீட்டுக் கட்டணமுறை படிப்படியாக உயர்வது. மாதம் 35 அலகு செலவிடும் வீட்டில் 20 அலகு கூடினால் 55 ஆகும். அது குறைந்த படியிலேயே அடங்கும். 50 அலகு செலவிடும் வீட்டில் அது 70 ஆகும். 60 என்ற எல்லையைத் தாண்டியதும், கூடிய அலகுகளுக்கு மாத்திரமன்றி, முதல் 60 அலகுகளுக்கும் உயர்ந்த விலை விதிக்கப்படும்; நிலையான மாதக் கட்டணமும் ஏறும். 200 அலகு செலவிடும் வீட்டிலோ, அந்த 20 அலகும் மிக உயர்ந்த படியிற் போய் விழும்.

வண்டி ஒன்றே, தீனியும் ஒன்றே, விலை மாத்திரம் மூன்று. எல்லைக்குச் சற்றுக் கீழே சிக்கனமாக வாழும் குடும்பமே இதனை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். வண்டி இல்லாதபோது வருங் கட்டணம் எவ்வளவு, வண்டியுடன் வருங் கட்டணம் எவ்வளவு என இரண்டையும் கணக்கிட்டு, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க வேண்டும். அந்த வித்தியாசமே உண்மையான தீனிச் செலவு. விளக்குகளை மாற்றியோ வேறு வழியாலோ பத்துப் பன்னிரண்டு அலகை மிச்சப்படுத்தி எல்லைக்குள் நிற்க முடியுமாயின், அந்த மிச்சத்தின் பெறுமதி பெரிது.

நேரத்துக்கேற்பக் கட்டணம் அறவிடப்படும் வீடுகளில், இரவு 10.30 முதல் அதிகாலை 5.30 வரை விலை குறைவு, மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை அதிகம். சாதாரண மின்மானியுள்ள வீட்டுக்கு இவ்வேறுபாடு இல்லை. ஆயினும், மாலையில் நாடெங்கும் விளக்கேற்றும் வேளையில் தேவையை ஈடுசெய்ய எண்ணெய் எரிக்க வேண்டியிருத்தலால், அந்நேரத்தைத் தவிர்ப்பது நாட்டுக்கு உதவியாகும்.

இனி, இரண்டாவது கணக்கு. ஈய மின்கலவடுக்கு ஏறத்தாழ 300 தடவை முழுமையாக நிரப்பி வெறுமையாக்கியபின் வலுக்குன்றும் எனக் கொண்டால், மாதம் பதின்மூன்று தடவை நிரப்புபவருக்கு அது இரண்டு ஆண்டு உழைக்கும். ஆகவே, புதிய மின்கலவடுக்கின் விலையை 24 ஆல் வகுத்து வருந் தொகையை மாதந்தோறும் ஒதுக்குதல் வேண்டும். பல வீடுகளில் இத்தொகை மின்சாரச் செலவையும் மிஞ்சும். இலிதியம் மின்கலம் விலை கூடியதாயினும், பல மடங்கு நாள் உழைக்கும். எதுவாயினும், முற்றாக வெறுமையாகும்வரை ஓட்டாமலும், வெறுமையான நிலையில் நாட்கணக்காகப் போட்டு வைக்காமலும் பேணினால் அதன் ஆயுள் நீளும்.

இரண்டு தொகைகளையுங் கூட்டி, பதினொரு லீற்றர் பெற்றோலின் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பல வீடுகளில் மின்வண்டியே வெல்லக்கூடும். எவ்வளவால் வெல்லும் என்பதை அந்தந்த வீட்டுக் கட்டணப் பட்டியலே சொல்லும். வண்டி விற்பவரின் சொல்லைக் கேட்குமுன், அந்தப் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பார்ப்பவர் பின்னர் வருந்தமாட்டார்.