'ஊட்டா ஆய்த்தா?'

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



வீட்டுக்கு ஒருவர் என்று சொல்லும் அளவுக்கு ஏரியூர்ப் பக்கத்து ஆட்கள் பெங்களூரில் இருக்கிறார்கள். கொத்து வேலை, சென்ட்ரிங், பேக்கரி, கம்பெனி என்று போனவர்கள். நானும் அப்படித் தர்மபுரி, ஓசூர் வழியாகப் பஸ் ஏறியவன்தான். இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களிலும் பலர் ஏறப்போகிறீர்கள். ஆகவே கன்னடத்தில் ஒரே ஒரு வினைச்சொல்லைப் பற்றி மட்டும் பேசலாம் என்று வந்தேன். 'ஆகு' என்பதுதான் அது.

அங்கே யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது "ஊட்டா ஆய்த்தா?" சாப்பாடு ஆச்சா என்று அர்த்தம். கடையில் "எஷ்டாய்த்து?" என்றால் எவ்வளவு ஆச்சு. "நன் கைலி ஆகல்லா" என்றால் என்னால ஆகாது. ஒருத்தனைக் கண்டாலே பிடிக்கவில்லை என்றால் நாம் "அவனைக் கண்டா எனக்கு ஆகாது" என்கிறோம். அவர்களும் அதே 'ஆகல்லா'தான். பாதி கன்னடம் நம்ம பையிலேயே இருக்குதுங்க!

மீதிப் பாதியில்தான் கவனம் வேண்டும். நமக்குப் பசி 'எடுக்கும்', குளிர் 'அடிக்கும்', வாந்தி 'எடுக்கும்'. கன்னடத்தில் ஹசிவு, சளி, வாந்தி, சுஸ்து எல்லாமே 'ஆகும்': "சளி ஆக்தா இதே", "வாந்தி ஆக்தா இதே". இதில் சளி என்பது குளிர். நம்ம ஊர் ஜலதோஷம் இல்லை. 'எடுக்குது', 'அடிக்குது' என்பதை வார்த்தைக்கு வார்த்தை மாற்றிச் சொன்னால் கேட்பவர் முழிப்பார்.

இது வெறும் பேச்சு அழகு சம்பந்தப்பட்டதல்ல. எங்கள் குடியிருப்பில் நம்ம பக்கத்து மேஸ்திரி ஒருவருக்கு நடுராத்திரியில் மூச்சுத்திணறல். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். அவர் "மூச்சு எடுக்க முடியலம்மா" என்கிறார். அங்கிருந்த நர்ஸ் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, பெயர், வயது கேட்டுச் சீட்டு எழுதுகிறாள். கூட வந்த அவர் அக்கா மகன், சித்தாள் வேலைப் பையன், "மாமாவுக்கு உசிராடக்கே ஆக்தா இல்லா மேடம்!" என்றான். பேனாவை அப்படியே போட்டுவிட்டு ஓடி ஆக்சிஜன் வைத்தாள். அந்தப் பையன் எட்டாவதோடு நின்றவன். இலக்கணம் படித்தவனில்லை, முழு வாக்கியத்தை அப்படியே காதில் வாங்கி வைத்திருந்தான்.

என் மகள் இப்போது ஸ்பானிஷ் படிக்கிறாள். 20 நாடுகளில் ஆட்சிமொழி. அதில் 'தெனேர்' என்று ஒரு வினை. 'வைத்திருப்பது' என்று பொருள். அவர்கள் பசியை 'வைத்திருக்கிறார்கள்' (தெங்கோ ஆம்ப்ரே), குளிரையும் அவசரத்தையும் வைத்திருக்கிறார்கள், 20 வயதைக்கூட 'வைத்திருக்கிறார்கள்'! நமக்கும் கன்னடத்தாருக்கும் பசி தானாக வந்து சேர்வது: எனக்குப் பசிக்குது, நனகே ஹசிவு ஆக்தா இதே. அவர்களுக்குக் கையில் இருக்கும் சரக்கு. அவளும் வினைத்திரிபு அட்டவணையை மனப்பாடம் செய்து அலுத்துப்போய், இப்போது அந்தப் பையன் வழிக்குத்தான் வந்திருக்கிறாள்.

இன்னொன்று சொல்லிவிடுகிறேன். பழைய கன்னடத்தில் 'ப' இருந்த பல இடங்களில் பிற்காலத்தில் 'ஹ' வந்துவிட்டது. பால் ஹாலு, பல் ஹல்லு, பசி ஹசிவு. புகை 'ஹொகே'. ஒகேனக்கல் என்றால் புகைக்கல். பக்கத்தில் இருக்கும் அருவியின் பெயரிலேயே கன்னடப் பாடம் ஒன்று கொட்டிக்கொண்டிருக்கிறது. நாம் அங்கே மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

மாணவர்களே, "ஊட்டா ஆய்த்தா?" என்று யாராவது கேட்டால், சாப்பிட்டிருந்தால் "ஆய்த்து, நிம்து?" என்று திருப்பிக் கேளுங்கள். 'உங்களது?' என்று பொருள். அடுத்த பேச்சு தானாக வரும்.

பின்னால் சாம்பார் வாசனை வருகிறது, தலைவரும் கடிகாரத்தைப் பார்க்கிறார். கன்னடத்தில் சொன்னால், 'ஹொத்தாய்த்து'.