கழுத்துக்கட்டும் ஒரு சிரிப்பும்



மேலை நாட்டு ஆடவர் விழாவுக்கும் அலுவலுக்கும் கழுத்தில் கட்டும் துணியைப் பற்றிச் சில சொல்ல வந்துள்ளேன். துணி சிறிது, அதன் பெயர் கற்பிப்பது பெரிது.

ஐரோப்பாவை முப்பதாண்டுப் போர் (1618–1648) அலைக்கழித்த காலத்தில், குரோவாசிய மறவர் பிரெஞ்சுப் படையில் கூலிக்குப் பொருதனர். அவர்தம் கழுத்தில் முடிந்திருந்த துணி பிரெஞ்சு மக்களின் கண்ணைக் கவர்ந்தது. 1643 முதல் 1715 வரை ஆண்ட பதினான்காம் உலூயி மன்னனின் அரசவையும் அதனை மேற்கொண்டது. குரோவாசியர் தம்மை 'அர்வாத்து' என்பர். அவ்வினப் பெயரே பிரெஞ்சில் 'கிரவாத்து' எனத் திரிந்து, துணிக்கும் பெயராயிற்று. இத்தாலியர் 'கிரவாத்தா' என்றனர்; இசுபானியர் 'கொர்பாத்தா' என்றனர். இன்றும் குரோவாசியர் ஆண்டுதோறும் அக்தோபர் 18-ஆம் நாளை அத்துணிக்குரிய நாளாகக் கொண்டாடுகின்றனர். தம் பெயரை உலகின் கழுத்தில் கட்டிய இனம் அன்றோ!

ஆங்கிலரும் பதினேழாம் நூற்றாண்டிலேயே 'கிரவாட்டு' என்று கடன் கொண்டனர். ஆனால், அக்கடனோடு அவர்கள் நின்றுவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில், கழுத்தைக் குறிக்கும் 'நெக்' என்பதையும் கட்டுதலைக் குறிக்கும் 'டை' என்பதையும் இணைத்துத் தம் மொழிச் சொற்களாலேயே 'நெக்டை' என்றனர். 'டை' என்றும் வழங்கினர்.

நாமோ அந்த 'டை'யைத் தூக்கி வந்தோம். 'டை கட்டினான்' என்கிறோமே, அதன் பொருள் என்ன? 'கட்டுக் கட்டினான்' என்பதே! தலைமயிர்ச் சாயத்தையும் 'டை' என்கிறோம். ஆங்கிலத்தில் ஒலியால் வேறுபட்ட அவ்விரு சொற்களும் நம் எழுத்தில் ஒன்றாகி மயங்குகின்றன. டகரம் மொழிக்கு முதலில் வாராது என்னும் நம் மரபையும் இரண்டும் மீறுகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் ஒருவன் கட்டுரையில் 'கழுத்துப்பட்டை' என்று எழுதிப் படித்தான். "அது நாய்க்குக் கட்டுவது, ஐயா!" என்றான் மற்றொருவன். வகுப்பே சிரித்தது. தமிழாசிரியனாகிய நானும் புன்னகைத்தேன். அடுத்த கட்டுரையில் அவன் 'டை' என்றே எழுதியிருந்தான். நான் சிவப்பு மையால் அடிக்கவில்லை. என் புன்னகை அடித்துவிட்டது. அப்பிழை அவனுடையதன்று, என்னுடையது.

அவனை அழைத்து அவ்வாறே சொன்னேன். 'பட்டை' மயக்கம் தருமெனின் 'கழுத்துக்கட்டு' என எழுதலாமே என்றேன். தலையில் கட்டுவது தலைக்கட்டு எனின், கழுத்தில் கட்டுவது கழுத்துக்கட்டு ஆகாதா? ஆங்கிலர் செய்ததும் இதுதானே! அவன் சற்றே எண்ணி, "சிரிப்பார்களே, ஐயா" என்றான்.

அவ்வச்சத்திற்கு விடை சொல்லவே இன்று உங்கள்முன் நிற்கிறேன். அத்துணியைக் கட்டுவதும் கட்டாததும் அவரவர் விருப்பம். ஆனால், ஓர் இளைஞன் அதற்குத் தமிழ்ப்பெயர் சொல்லும்போது நீங்கள் சிரிக்காதீர்கள். சிரிப்பவரோடு சேர்ந்து புன்னகையும் செய்யாதீர்கள். கடன் வாங்கியதால் மட்டும் நம் சொற்கள் சாகவில்லை. நம் நகைப்புக்கு அஞ்சியும் செத்தன.