கைப்பேசிக்குள் சனியன் புகுந்தானா?

இரவெல்லாம் கைப்பேசியைத் தடவிப் படிப்பைக் கெடுத்துக்கொள்ளும் கல்லூரிப் பிள்ளைக்கு ஏழரைச் சனி என்பதாகச் சொல்லித் தாயத்துக் கட்டுகிறார்கள். நாம் கேட்கிறோம்: பக்கத்திலுள்ள சுங்குவார்சத்திரத்தில் நம் பெண்கள் கையால் பூட்டுகிற கருவிக்குள் சனியன் எப்பொழுது புகுந்தான்? தள்ளத் தள்ள முடியாத பக்கத்தை 2006-ல் அமைத்தவர் ஆசா ராஸ்கின் என்னும் அமெரிக்கர். பின்னர் அவரே அதற்காக வருந்தினார். நாம் பார்க்கும் நேரமெல்லாம் முதலாளிக்கு விளம்பரக் காசு, சூட்சுமம் அவ்வளவுதான். கட்டுக்கடங்காத மின்விளையாட்டுப் பழக்கத்தை உலக சுகாதார அமைப்பு 2019-ல் நோய்ப் பட்டியலில் ஏற்றுக்கொண்டது. நோய்க்கு வேண்டியவர் வைத்தியரா, மந்திரவாதியா? மனிதன் பின்னிய வலையை மனிதனே அறுக்கலாம். இன்றிரவு கருவியைக் கைக்கெட்டாத இடத்தில் வைத்துவிட்டுப் படுங்கள். சனியன் வருகிறானா, தூக்கம் வருகிறதா, பார்ப்போம்!