கல்பாசி சொல்லும் சேதி

(சித்தேரியில் நடந்த குழுக்களின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



குழம்புக்குப் போடுகிற கல்பாசி நம்ம எல்லாருக்கும் தெரியும். அந்த மாதிரி மரப்பாசிக்கு மண்ணில் வேர் கிடையாது. காற்று, மழை, பனி இவற்றிலிருந்துதான் அது உயிர் வாழுது. காற்றில் விஷம் கலந்தால் அதுவும் பாசிக்குள் தங்கிவிடும்.

கொடைக்கானலில் நடந்ததைச் சொல்றேன். அங்கே காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் செய்யும் இந்துஸ்தான் லீவர் தொழிற்சாலை இருந்தது. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி பழைய சாமான் கடையில் கிடந்ததை 2001-ல் ஊர்மக்கள் பார்த்துப் போராடினார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது. ஆனால் ஆவியாகிக் காற்றில் போன பாதரசம் கண்ணுக்குத் தெரியுமா? ஐதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறை விஞ்ஞானிகள் மரத்துப் பாசிகளை எடுத்துச் சோதித்தார்கள். கொடைக்கானல் பாசியில் பாதரசம் அதிகம். தள்ளியிருக்கிற பேரிஜம் ஏரிப் பக்கத்துப் பாசியில் மிகக் குறைவு. 2003-ல் இந்த ஆய்வு வெளிவந்தது. கண்ணுக்குத் தெரியாததைப் பாசி காட்டிக் கொடுத்தது.

"அப்போ செடியே விஷத்தை எடுத்துடுமா?" என்று ஒரு அக்கா கேட்டாங்க. சில செடிகள் எடுக்கும். ஒரு வகைப் பெரணிச் செடி மண்ணில் உள்ள ஆர்சனிக் விஷத்தை உறிஞ்சி இலையில் சேர்க்குது என்று அமெரிக்க விஞ்ஞானிகள் 2001-ல் கண்டார்கள். ஆனால் அந்த விஷம் அழியறதில்லை. மண்ணிலிருந்து இலைக்கு இடம் மாறுது, அவ்வளவுதான். இலையை அறுத்துப் பத்திரமாக அப்புறப்படுத்தணும். ஆடு தின்றால் ஆட்டுக்குப் போகும். எரித்தால் புகையில் வரும். மண் சுத்தமாகப் பல வருஷம் ஆகும். கொடைக்கானலிலும் தொழிற்சாலை மூடிய பிறகு மண்ணைச் சுத்தம் செய்யும் வேலை வருஷக்கணக்கில் இழுத்தது.

இதில் நமக்கு என்ன பாடம்? போன மாசம் ஓடையில் பூச்சிமருந்து டப்பா கழுவுறதைப் பார்த்தேன். கொஞ்சம் கீழே இன்னொரு அக்கா குடிக்கத் தண்ணீர் மொண்டுகிட்டிருந்தாங்க. எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு.

இன்னைக்கு மூணு விஷயத்தைத் தீர்மானமாக எழுதுவோம்:

1. மருந்து டப்பாவை ஓடையில் கழுவக் கூடாது. வயலிலேயே மூணு தடவை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி அடிச்சுடணும். டப்பாவில் ஓட்டை போட்டுடணும். எண்ணெய், தண்ணீர் பிடிக்கவே கூடாது.

2. டியூப் லைட்டிலும் பாதரசம் உண்டு. உடைத்து ஓடையில் போடக் கூடாது.

3. குப்பைமேடு, சாக்கடை ஓரத்தில் தளதளவென்று கீரை இருந்தாலும் பறிக்கக் கூடாது. வேருக்கு எது கிடைக்குதோ அதைத்தான் கீரை எடுக்கும்.

விஷத்தை மண்ணில் விடுறது ஒரு நிமிஷ வேலை. எடுக்கிறது நம்ம பிள்ளைகள் தலையில் விழும். யோசிங்க அக்கா.