ஒலியால் கடலாழம் அறிதல்

பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்கும் உலகப் படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நிலப்பகுதியில் மலைகளும் ஆறுகளும் பாலைவனங்களும் தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கும். கடற்பகுதியோ கரையிலிருந்து கரைவரை பெரும்பாலும் நீல நிறமாகவே இருக்கும். உலகப் பரப்பில் நூற்றுக்கு எழுபது பங்கு கடல். அந்த நீலத்துக்கு அடியில் மேடும் பள்ளமும் எவ்வாறு அமைந்துள்ளன என்பதை மனிதன் எப்படி அறிந்தான், எவ்வளவு அறிந்தான் என்பதைப் பற்றி இன்று சில செய்திகளைக் கூற விரும்புகிறேன்.

நம் கடற்கரை மீனவர்கள் ஆழத்தைப் 'பாகம்' என்னும் அளவால் சொல்வார்கள். இரு கைகளையும் அகல விரித்தால் ஒரு கையின் விரல்நுனி முதல் மறு கையின் விரல்நுனி வரை உள்ள நீளமே ஒரு பாகம், ஏறக்குறைய ஆறடி. கயிற்றின் முனையில் ஈயக்குண்டைக் கட்டி நீரில் இறக்கி, கயிற்றைப் பாகம் பாகமாக அளந்து ஆழம் காண்பது பல நாட்டு மாலுமிகளும் கையாண்ட பழைய முறை. கரையோரக் கடலுக்கு அது போதும். ஆழ்கடலுக்குப் போதுமா?

1872 முதல் 1876 வரை இங்கிலாந்தின் 'சாலஞ்சர்' என்னும் கப்பல் உலகக் கடல்களில் ஆராய்ச்சிப் பயணம் செய்தது. ஆழ்கடலில் ஒருமுறை குண்டை இறக்கி ஏற்றுவதற்குப் பல மணி நேரம் ஆயிற்று. அதுவரையில் கப்பல் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். 1875-ஆம் ஆண்டில் பசிபிக் சமுத்திரத்தில் மரியானா தீவுகளின் பக்கத்தில் 4,475 பாகம் ஆழம் இருக்கக் கண்டு அவர்கள் வியந்தார்கள். ஆயினும் அந்த நெடும் பயணத்தில் ஆழ்கடலில் அவர்கள் அளந்த இடங்கள் ஏறத்தாழ ஐந்நூறுதான். உலகக் கடற்பரப்பு முழுவதற்கும் ஐந்நூறு அளவுகள் என்பது, இமயம் முதல் குமரி வரை நான்கைந்து இடங்களில் மட்டும் உயரத்தை அளந்துவிட்டுப் பாரதத்தின் படத்தை வரைய முற்படுவது போன்றதாகும்.

கயிறு செய்ய முடியாததை ஒலி செய்தது. கதிரவனின் ஒளி கடலுக்குள் சில நூறு மீட்டர் செல்வதற்குள் பெரும்பாலும் அவிந்துவிடுகிறது. ஒலியோ நீரில் நெடுந்தூரம் செல்லும். கடல்நீரில் அது நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் ஓடுகிறது. காற்றில் ஓடுவதைப்போல் நான்கு மடங்குக்கு மேற்பட்ட வேகம் இது. மலைக்கு எதிரே நின்று கூவினால் நம் குரல் திரும்பி வருகிறது அல்லவா? அவ்வாறே கப்பலின் அடியிலிருந்து அனுப்பிய ஒலி, கடலின் அடித்தளத்தில் மோதி மீண்டு வருகிறது. போய்வர எட்டு நொடி ஆயிற்று என்றால், போவதற்கு நான்கு நொடி. ஆகவே ஆழம் 6,000 மீட்டர். இதுவே சோனார் என்னும் கருவியின் அடிப்படைக் கணக்கு.

1912-இல் 'டைட்டானிக்' கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியது. இருளில் மறைந்திருக்கும் தடையை ஒலியால் அறிய முடியுமா என்னும் ஆராய்ச்சி அதன்பின் வேகம் பெற்றது. 1914-இல் பெசெண்டன் என்பவர் பனிப்பாறையிலிருந்து எதிரொலியைப் பெற்றுக் காட்டினார். 1925 முதல் 1927 வரை ஜெர்மனியின் 'மீட்டியோர்' கப்பல் தென் அட்லாண்டிக் சமுத்திரத்தைப் பலமுறை குறுக்கே கடந்து, எதிரொலியால் 60,000-க்கும் மேற்பட்ட இடங்களில் ஆழம் கண்டது. அச்சமுத்திரத்தின் நடுவே கரடுமுரடான பெரிய மலைத்தொடர் கிடப்பது அந்த அளவுகளால் தெளிவாயிற்று.

ஆனால் எண்கள் தாமாகவே படமாகிவிடுவதில்லை. அவற்றைப் படமாக்க ஒருவர் அமர்ந்து பாடுபட வேண்டும். அவ்வாறு பாடுபட்டவர்களுள் ஒருவர் மேரி தார்ப் என்னும் அமெரிக்கப் பெண்மணி. 1948-இல் அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நில ஆராய்ச்சி நிலையத்தில் பணியில் சேர்ந்தார். அக்காலத்தில் ஆராய்ச்சிக் கப்பல்களில் பெண்களை ஏற்றுவதில்லை. ஆகவே அவருடன் பணியாற்றிய புரூஸ் ஹீசன் கடலில் சென்று அளவுகளைக் கொண்டுவர, மேரி தார்ப் கரையில் இருந்தபடியே அவற்றை வரைந்தார்.

வட அட்லாண்டிக்கைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால் எப்படித் தோன்றும் என்பதைக் காட்டும் ஆறு படங்களை அவர் வரிசையாக அடுக்கினார். நடு மலைத்தொடரின் உச்சியில் ஒரு பள்ளம் திரும்பத் திரும்பத் தென்பட்டது. கடல்தளம் அங்கே இரண்டாகப் பிளந்து விலகுகிறது என்று அவர் கருதினார். கண்டங்கள் நகர்கின்றன என்னும் கொள்கையை அந்நாளில் அமெரிக்க அறிஞர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. எனவே ஹீசன், இது வெறும் பெண்பேச்சு என்று தள்ளிவிட்டார். தார்ப் வாதம் செய்துகொண்டிருக்கவில்லை. எல்லாவற்றையும் மறுபடியும் சரிபார்த்து வரைந்தார். பள்ளம் மறையவில்லை.

அதே வேளையில் மற்றொருவர், கடலடியில் பூகம்பங்கள் பிறந்த இடங்களைக் குறித்துக்கொண்டிருந்தார். இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, பூகம்பப் புள்ளிகள் அந்தப் பள்ளத்தின் வழியே வரிசையாக விழுந்தன. ஹீசன் உண்மையை ஒப்புக்கொண்டார். 1957-இல் வட அட்லாண்டிக்கின் அடித்தளப் படம் வெளிவந்தது. பூமியின் மேலோடு பெருந்தட்டுகளாக நகர்கிறது என்னும் கொள்கை 1960-களில் நிலைபெற்றதற்கு இத்தகைய படங்கள் பெருந்துணை புரிந்தன. மேரி தார்ப் ஆராய்ச்சிக் கப்பலில் முதன்முறை கால் வைத்தது 1968-இல்தான்.

இனி, நம் கடலுக்கு வருவோம். 1959 முதல் 1965 வரை, பல நாடுகள் ஒன்றுகூடி இந்து சமுத்திரத்தை ஆராய்ந்தன. நம் நாடும் அதில் பங்குகொண்டது. அதன் பயனாகவே 1966-இல் தேசியக் கடலாய்வு நிறுவனம் தோன்றியது. வங்கக் கடலிலிருந்து தெற்கு நோக்கி, 90 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டி, கோடு கிழித்தாற்போல் ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் நீளும் ஒரு மலைத்தொடர் கடலடியில் கிடக்கிறது. அதன் வடபகுதி வண்டலுக்குள் புதையுண்டிருக்கிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயத்திலிருந்து கொணர்ந்து கொட்டிய வண்டல் அது. ஒரு மலை கரைந்து இன்னொரு மலையை மூடியிருக்கிறது!

இக்காலக் கப்பல்கள் ஒரே ஒலிக்கற்றையை அனுப்புவதில்லை. நூற்றுக்கணக்கான கற்றைகளை விசிறிபோல் இருபுறமும் விரித்து, ஆழத்தைப்போல் சில மடங்கு அகலமுள்ள பட்டையை ஒரே பயணத்தில் அளக்கின்றன. உழவன் சால் மேல் சால் ஓட்டுவதுபோல், கப்பல் போயும் வந்தும் இரவும் பகலும் ஓடுகிறது. நீரின் வெப்பம், உப்பு, அழுத்தம் ஆகியவற்றுக்கேற்ப ஒலியின் வேகம் மாறுவதால், அவற்றையும் அடிக்கடி அளந்து கணக்கைத் திருத்த வேண்டும். அலையில் கப்பல் சாய்வதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இவ்வளவு செய்தும், இவ்வாறு நேராக அளக்கப்பட்ட கடல்தளம் இன்றும் மொத்தத்தில் நான்கில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியிருக்கிறது. மற்றப் பகுதிக்கு, கடல்மட்டத்தின் நுண்ணிய ஏற்றத்தாழ்வுகளைச் செயற்கைக் கோள்களால் அளந்து, அடியில் என்ன இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அதில் சிறிய மலைகள் தப்பிவிடும். 2005 ஜனவரியில் குவாம் தீவுக்குத் தென்கிழக்கே, அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று கடலடி மலை ஒன்றில் முழு வேகத்தில் மோதியது. மாலுமிகள் நம்பிச் சென்ற படத்தில் அந்த மலை இல்லை. ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமுற்றனர். அளக்காத இடத்தை அளந்ததாக எண்ணிக்கொள்வதால் எத்தகைய தீங்கு நேரும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

அதனால்தான் இந்நாளில் உலகக் கடல்தளப் படத்தை வெளியிடுவோர் அதனுடன் இன்னொரு படத்தையும் வெளியிடுகிறார்கள். எந்த இடம் அளந்து அறியப்பட்டது, எந்த இடம் மதிப்பீட்டால் நிரப்பப்பட்டது என்பதை அது காட்டுகிறது. மாணவர்களாகிய நீங்கள் முதற்படத்தைக் காண நேரும்போது இரண்டாவது படத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். இனி நீங்கள் செய்யவேண்டிய வேலை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது அதில் தெரியும்.